பாடமாக்கிய பேச்சும் படவில்லைத் திரையும்

தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கினால் வன்னிப் பாடசாலைகளில் பேச்சுப் பயிற்சி சூடுபிடித்துவிடும். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மாணவர் வரி பிசகாமல் பாடமாக்குவார். நடுவர்களை விளிக்கும்போது கும்பிடு; உணர்ச்சி பொங்கும் வரியில் வலக்கை மேலே; மணி அடிப்பதற்குள் நன்றி, வணக்கம். சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்திலோ விவசாய பீடத்திலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ மல்ரிமீடியாத் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். மொழி ஆங்கிலமாகிவிட்டது. கண் சபையில் இல்லை. திரையில் உள்ளதை வாசித்துக்கொண்டிருக்கிறது.

மேடைப் பயிற்சியை ஏளனம் செய்வது எளிது, ஆனால் நியாயமல்ல. சபைக்கூச்சம் போவதும் உச்சரிப்புத் திருந்துவதும் அங்கேதான். முல்லைத்தீவின் கோவலன் கூத்தை ஆடியவர்கள் ஒலிவாங்கி இல்லாத காலத்திலேயே கடைசி வரிசை வரை குரலை எட்டவைத்தார்கள். ஆறுமுக நாவலரும் இரவல் வடிவம் ஒன்றைத்தான் எடுத்தாண்டார். மிஷனரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்டவர், 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். வடிவம் வெளியிலிருந்து வந்தது. பேச்சு முன்னால் இருந்தவர்களுக்கானது.

பாடமாக்கிய பேச்சின் குறை வேறிடத்தில் இருக்கிறது. சபை கூடுவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. ஒரு வரி மறந்தால் அடுத்த வரி வராது. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

படவில்லை இந்தக் குறையைத் தீர்க்கவில்லை, சுவருக்கு மாற்றியிருக்கிறது. வாய்க்கால் வரைபடத்தையும் பத்தாண்டு மழைவீழ்ச்சிக் கோட்டையும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கே திரை இன்றியமையாதது. பந்தி பந்தியாக எழுதி அதையே வாசிப்பதுதான் பிழை. படத்தோடு விளக்கமும் ஒலிக்கும்போது அதே சொற்களைத் திரையிலும் ஓடவிட்டால் கற்றல் குறைகிறது என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டின. 2003இல் கொலம்பியா விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தபின், விசாரணைச் சபை நாசாவின் படவில்லைகளையும் விட்டுவைக்கவில்லை. முக்கியமான எச்சரிக்கை ஒரு படவில்லையின் அடிவரிகளில் புதைந்து கிடந்தது.

பயிற்சிப் பட்டறைகள் சொல்லும் மருந்திலும் கவனம் வேண்டும். ‘சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55’ என்ற கணக்கு எங்கும் ஒப்புவிக்கப்படுகிறது. அல்பேர்ட் மெஹ்ராபியன் 1967இல் ஆராய்ந்தது, ஒருவரின் விருப்பு வெறுப்பு எப்படி வெளிப்படுகிறது என்பதைத்தான். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். குளத்து நீரின் கணக்கைச் சொல்பவருக்குச் சொல் 7 வீதம்தான் என்றால் விவசாயி எதை நம்பி விதைப்பார்?

வன்னியில் பேச்சு உண்மையில் சோதிக்கப்படும் இடம் பயிர்ச்செய்கைக் கூட்டம். இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறது. சிறுபோகத்தில் அவ்வளவு நிலத்துக்கும் நீர் காணாது; எத்தனை ஏக்கர், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதை அங்கேதான் தீர்மானிக்க வேண்டும். பொறியியலாளர் மில்லியன் கனமீற்றரில் தொடங்கினால் சபை சலசலக்கும். ‘குளத்தில் இப்ப இத்தனை அடி தண்ணி நிக்குது’ என்றால் காது கொடுக்கும். 36 அடிக் குளத்தில் ஓர் அடி நீரின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வசனத்திலேயே ஒருவர் எழும்பி, ‘ஐயா, கடைசி வாய்க்காலுக்கு எப்ப தண்ணி வரும்?’ என்பார். ‘அதுக்குப் பிறகு வாறன்’ என்று அடுத்த படவில்லைக்குத் தாவுபவர் சபையை இழக்கிறார். திரையை விட்டுத் திரும்பி, அந்தக் கேள்விக்குத் திகதியோடு பதில் சொல்லிவிட்டுத் தொடர்பவருக்கு மீதிப் பேச்சு இலகுவாகிறது.

இந்த முறையும் குறையற்றதல்ல. குறுக்கீட்டுக்கு இடம் கொடுத்தால் உரத்த குரல் கூட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அமைதியானவரின் கேள்வி கடைசிவரை வராமலே போகலாம். மேடைப் பேச்சின் நேர ஒழுங்கு இங்கே கைகொடுக்கும். கேள்வி நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, பின்வரிசைக்கு முதல் வாய்ப்பைக் கொடுக்கலாம்.

மாற்றத்துக்குப் பெரிய செலவில்லை. பேச்சுப் போட்டியின் முடிவில் நடுவர் இரண்டு கேள்வி கேட்டு, பதிலுக்கும் புள்ளி போடலாம். பீடங்களில் வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் மட்டும் படவில்லை என்று வரையறுக்கலாம். அறிவியல்நகர் மாணவர்கள் பரீட்சகர் முன் ஆங்கிலத்தில் நிகழ்த்திய அதே இறுதியாண்டு ஆய்வை, உருத்திரபுரத்திலோ முரசுமோட்டையிலோ கமக்காரர் அமைப்பின் முன் தமிழில் பத்து நிமிடம் சொல்லவேண்டும் என்றும், அங்கே எழும் கேள்விகளுக்குச் சொன்ன பதிலும் மதிப்பீட்டில் சேரும் என்றும் வைக்கலாம்.