ஆறு விசில் போதாது

தமிழ்ச் சமையல் குறிப்புகளில் என்னைக் கடுப்பேற்றும் வார்த்தைகள் இரண்டு. ஒன்று ‘தேவையான அளவு’, மற்றது ‘வேகும் வரை’. இந்த இரண்டும் தெரிந்தவர் எதற்காகச் சமையல் புத்தகத்தைப் புரட்டப் போகிறார்?

இந்த வியாதிக்கு 1951-லேயே மருந்து கொடுத்தவர் எஸ்.மீனாட்சி அம்மாள். ‘சமைத்துப் பார்’ புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் அளவு சொன்னார். அது சைவச் சமையல். அதில் போய்ப் பன்றிக்கறியைத் தேடினால் தப்பு நம்முடையது. ஆனால் அதற்குப் பிறகு வந்த அசைவப் புத்தகங்கள்? கோழியில் 30 வகை, மீனில் 30 வகை, ஆட்டில் தலை முதல் கால் வரை. பன்றி மட்டும் பெரும்பாலும் ஆப்சென்ட். மத விலக்கு உள்ளவர்கள் ஒதுங்குவது வேறு விஷயம். மற்றவர்கள் ருசி பார்த்து ஒதுக்கவில்லை. யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துத்தான் ஒதுக்கினார்கள்.

தப்பித்தவறி ஒரு குறிப்பு வந்தால் இரண்டில் ஒன்றாக இருக்கும். குக்கரில் ஆறு விசில். அல்லது, இங்கிலாந்திலிருந்து நேராக வந்து இறங்கிய ரோஸ்ட்: அவனில் 160 டிகிரி, பக்கத்தில் ஆப்பிள் சாஸ். முதலாவதில் பொறுமை இல்லை. இரண்டாவதில் நம் ஊர் இல்லை.

பொறுமை ஏன் வேண்டும்? முன்னங்கால் சப்பைக் கறியில் சவ்வு அதிகம். அதிலுள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையும். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகலாம். குக்கரும் கரைத்துவிடும், வாஸ்தவம். ஆனால் கொஞ்சம் அசந்தால் கறி நூல் நூலாகப் பிரிந்துவிடும், சாறும் வற்றாது. அடிகனமான பாத்திரத்தில் கறியைச் சிவக்க வதக்கி, மூடி, சிறு தீயில் விட்டுவிடுங்கள். நன்றாக வேகும் கறியில் நாடாப்புழு பயமும் இல்லை.

பழம் எதற்கு? கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு வெட்டும். இதற்கு இங்கிலாந்து வரை போக வேண்டாம், பக்கத்திலிருக்கும் குடகு போதும். அங்கே குடம்புளிப் பழச்சாற்றைக் கறுப்பாகக் காய்ச்சிக் ‘கச்சம்புளி’ என்று வைத்திருக்கிறார்கள். பன்றிக்கறி வெந்து இறங்கும் நேரத்தில் சேர்ப்பார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? அரியலூர் மாவட்டம் ஆண்டிமடம் பக்கம் கோடையில் போய்ப் பாருங்கள். முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, அதைப்போலப் பல மடங்கு எடையுள்ள பழத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறோம். மரம் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. கோவாக்காரர்கள் அந்தப் பழத்தை ஃபெனியாக்கி, 2009-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நாம் ‘தொண்டை கரகரக்கும்’ என்று சொல்லி நிறுத்திவிட்டோம். கரகரப்புக்குக் காரணம் டானின். சாற்றில் ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து வைத்தால் அது அடியில் படிந்துவிடும். தெளிந்த சாற்றை மிளகு, பூண்டு, கொஞ்சம் புளி சேர்த்துப் பாதியாக வற்றவிட்டு, கடைசி அரை மணியில் கறிமேல் ஊற்றிப் பாருங்கள். ஆண்டிமடத்துப் பாரம்பரியம் என்று இதற்குக் கதை கட்ட மாட்டேன். இது யோசனைதான். ஆனால் ஆப்பிளைவிட இந்த மண்ணுக்கு நெருக்கமான யோசனை.

மராத்தியில் ஷாஹு பாடோளே 2015-ல் ஒரு புத்தகம் எழுதினார். மராத்வாடாவின் மஹார், மாங் மக்களுடைய சாப்பாடு பற்றியது. ‘அன்னம் பூரண பிரம்மம்’ என்ற வாசகத்தைத் திருப்பிப் போட்டு, ‘அன்னம் அபூர்ண பிரம்மம்’ என்று தலைப்பு வைத்தார். எங்கள் அடுப்பைச் சேர்க்காதவரை அது எப்படிப் பூரணமாகும் என்று அர்த்தம். 2024-ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தமிழ்ச் சமையல் புத்தக அலமாரியும் அந்த வகையில் அபூர்ணம்தான்.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கோ பெரியம்மாவுக்கோ பன்றிக்கறிப் பக்குவம் தெரியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வையுங்கள். கிராம், நிமிஷம் எல்லாம் போட்டு. ‘தேவையான அளவு’ மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.