விமானத்தில் ஆயுதம்: கருவி மட்டும் காக்குமா?

எங்கள் நாகல் நகரில் பூட்டு வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், மாதிரிப் பூட்டுகள் சிலவற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சென்றார். சோதனைக் கருவிக்குள் சென்ற பையை அங்கிருந்த காவலர் தனியே எடுத்து வைத்து, திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பூட்டாகப் பார்த்த பிறகே அனுமதித்தாராம். ஊர் திரும்பியவர் என்னிடம், "அந்த மெஷினுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை சார்! இனி எவனும் விமானத்தில் ஆயுதம் கொண்டுபோக முடியாது" என்றார்.

நண்பர் மட்டுமல்ல, படித்தவர் பலரும் இவ்வாறே நம்புகிறார்கள். விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இன்னும் நல்ல கருவி வாங்குங்கள்" என்பதே முதல் குரலாக ஒலிக்கிறது. இது எவ்வளவு தூரம் சரி? இயற்பியலையும் நடந்த வரலாற்றையும் துணைக்கொண்டு பார்ப்போம்.

கருவி காண்பது என்ன?

நாம் நுழைந்து செல்லும் வாயிற்சட்டத்தில் கம்பிச் சுருள்கள் உள்ளன. அவற்றில் மாறும் மின்னோட்டம் பாய்வதால் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. உலோகம் ஏதேனும் உள்ளே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்புகிறது. பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. கத்திக்கும் இடுப்புப் பட்டையின் கொக்கிக்கும் அது வேறுபாடு அறியாது. மரக்கட்டை வந்தால் வாய் திறக்காது.

பைகளைச் சோதிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி இன்னும் சற்று நுட்பமானது. அணு எண்ணும் அடர்த்தியும் மிகுந்த பொருள் கதிர்களை மிகுதியாக உறிஞ்சும். நண்பரின் இரும்புப் பூட்டுகள் திரையில் இருண்ட திட்டாகத் தெரிந்தது இதனால்தான். இரண்டு ஆற்றல் நிலைகளில் கதிரைச் செலுத்தி, கரிமப் பொருள்களை ஆரஞ்சு நிறத்திலும் உலோகங்களை நீல நிறத்திலும் காட்டுகிறார்கள். ஆனால் பல வெடிமருந்துகள் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றால் ஆனவை. சோப்புக்கட்டியும் இனிப்புப் பண்டமும் அதே ஆரஞ்சு நிறத்தில்தான் தோன்றும்.

ஆகவே, நண்பரின் பையில் பூட்டு இருப்பதைக் கருவி கண்டுபிடிக்கவில்லை. "இதை என்னால் ஊடுருவிப் பார்க்க இயலவில்லை" என்று மட்டுமே சொன்னது. பையைத் திறந்து விடை கண்டவர் காவலர். கருவி கேள்வி கேட்கும். விடை காண்பது மனிதரின் பொறுப்பு. நம் விவாதங்களில் மறக்கப்படுவது இதுதான்.

வரலாறு சொல்வது என்ன?

1971 ஜனவரி 30ஆம் நாள், ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸின் 'கங்கா' விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டது. கடத்திய இருவரிடமும் இருந்தவை போலித் துப்பாக்கியும் மரத்தாலான போலிக் கையெறிகுண்டும்! 1978 டிசம்பர் 20ஆம் நாள், லக்னோவிலிருந்து டில்லி சென்ற விமானம் வாரணாசிக்குத் திருப்பப்பட்டது. அங்கே ஆயுதங்கள் பொம்மைத் துப்பாக்கியும் கிரிக்கெட் பந்தும். பொம்மைத் துப்பாக்கிக்குக்கூட விமானத்தில் தடையா என்று சிரிக்கும் மாணவர்கள் இவற்றை நினைவில் கொள்ளவேண்டும். ஆயுதத்தின் ஆற்றலில் பாதி, எதிரில் இருப்பவரின் அச்சத்தில் இருக்கிறது. அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை.

நம் மாநிலத்தில் நடந்தது இன்னும் கொடியது. 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென மீனம்பாக்கத்தில் பெட்டிகளை ஒப்படைத்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. அப்பெட்டிகளும் விமானத்துடன் போகவில்லை. குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஆயினும் பெட்டிகள் ஆள் நடமாட்டமுள்ள நிலையக் கட்டடத்திலேயே கிடந்தன. அவை வெடித்தபோது 30 பேருக்கு மேல் மாண்டனர். இங்கே கேள்வி எழுந்துவிட்டது. விடை காணவேண்டியவர்கள் காலத்தில் செயல்படவில்லை.

அடுத்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள், ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அயர்லாந்துக்கு அப்பால் கடல்மேல் சிதறி 329 உயிர்கள் மறைந்தன. டொராண்டோ நிலையத்தில் பெட்டிகளைச் சோதித்த எக்ஸ் கதிர்க் கருவி அன்று இடையில் பழுதாகிவிட்டது. எஞ்சிய பெட்டிகளை, வெடிமருந்தை மோப்பம் பிடிப்பதாகச் சொல்லப்பட்ட கைக்கருவியால் சோதித்தனர்; பயனில்லை. குண்டிருந்த பெட்டியை வான்கூவரில் ஒப்படைத்தவரோ பயணமே செய்யவில்லை. "இப்பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இருக்கிறாரா?" என்று பட்டியலைச் சரிபார்க்க ஒரு காகிதமும் பென்சிலும் போதும். அது செய்யப்படவில்லை.

2001 செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் கருவி ஏமாறியிருக்கத் தேவையே இல்லை. நான்கு அங்குலத்துக்குக் குறைவான கத்தியை எடுத்துச் செல்ல அன்றைய விதியே இடம் கொடுத்திருந்தது.

உள்ளே துப்பாக்கி இருக்கலாமா?

விமானத்தில் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டுமா என்பது அடுத்த விவாதம். "ஒரு குண்டு பாய்ந்தாலே விமானம் பலூன்போல் வெடித்துவிடும்" என்று எதிர்ப்போர் கூறுவதுண்டு. திரைப்படங்கள் கற்பித்த பாடம் இது. கணக்கிட்டுப் பாருங்கள். 11 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரை வளிமண்டல அழுத்தம். 9 மில்லிமீட்டர் துளையின் பரப்பு சுமார் 0.64 சதுர சென்டிமீட்டர். அத்துளையின்மேல் விரலை வைத்தால் உணரும் இழுவிசை ஏறக்குறைய 350 கிராம் எடை மட்டுமே! வினாடிக்கு வெளியேறும் காற்று பத்துப் பன்னிரண்டு லிட்டர். அது மூன்று பயணிகளுக்கு வழங்கப்படும் புதுக் காற்றின் அளவு. சன்னலே பெயர்ந்தால்தான் பெரும் ஆபத்து.

ஆகவே அந்த வாதம் தவறு. ஆனால் சரியான வாதம் வேறொன்று உண்டு. துப்பாக்கிக்குத் தன் உரிமையாளர் யாரென்று தெரியாது. நெருக்கடியான இருக்கைகளுக்கிடையே அது கைமாறினால் காவலே ஆபத்தாகிவிடும். காவலரை அமர்த்துவோர் விடை சொல்லவேண்டிய கேள்வி இதுவே.

என்ன செய்யவேண்டும்?

கருவிகள் வேண்டாம் என்பது என் கருத்தன்று. அவற்றின் பின்னால் அமர்ந்திருப்பவரையும் நாம் எண்ணவேண்டும் என்கிறேன். ஆயிரம் பைகளில் ஒன்றில்கூட ஆயுதம் இல்லாதபோது கண் சோர்வடைவது இயல்பு. அதனால்தான் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறார்கள். திரையில் இடையிடையே போலி ஆயுதப் படங்களைத் தோன்றச் செய்து கவனத்தைச் சோதிக்கிறார்கள். புதிய கருவிக்குச் செலவிடுவதுபோல் பயிற்சிக்கும் ஓய்வுக்கும் ஆள்பலத்துக்கும் செலவிடவேண்டும்.

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பூட்டை வாங்க வருவோர், "எத்தனை லீவர்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் வீட்டுக்குப் போனதும், சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்தாகவேண்டும். அடுத்த முறை உங்கள் பையைத் திறக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கருவி கேட்ட கேள்விக்கு ஒரு மனிதர் விடை தேடுகிறார்; மீனம்பாக்கத்தில் அன்று நேராத செயல் அது.