ஊரில் எடுத்த அறிவு ஊருக்குத் திரும்ப வேண்டும்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. விஞ்ஞான வகுப்புகளுக்கு வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி இடம் கொடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் புகுந்த தரப்படுத்தலால் தமிழ்ப் பிள்ளைகளின் உயர்கல்வி வாய்ப்புச் சுருங்கிப்போயிருந்த காலம் அது. பேராசிரியர் க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்ட அந்த வளாகம் 1979-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பல்கலைக்கழகமானது. மக்கள் அதை இன்றுவரை 'எங்கட கம்பஸ்' என்றே உரிமையோடு சொல்கிறார்கள். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த, இறுதிப் போரில் இறந்தோருக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது மாணவர்களோடு ஊரவர்களும் வாசலில் திரண்டார்கள். சில மாதங்களில் தூபி மீண்டும் எழுந்தது.

இப்படி உரிமை பாராட்டும் சமூகம் வாய்த்த பல்கலைக்கழகங்கள் குறைவு. அந்த உறவைப் பல்கலைக்கழகம் எப்படிப் பேணுகிறது என்பதை ஒளிவுமறைவின்றி மதிப்பிட வேண்டும்.

முதலில் பெருமைக்குரியவற்றைச் சொல்வோம். சமுதாய மருத்துவப் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், 'நந்தி' என்ற பெயரில் தமிழ் வாசகர் அறிந்த எழுத்தாளர். நோய்த்தடுப்பையும் உடல்நலத்தையும் பற்றி எளிய தமிழில் எழுதுவதை அவர் தன் கல்விப் பணியின் பகுதியாகவே கொண்டார். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரால் நொந்த மனங்களை மருத்துவமனைக் கட்டிலில் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. கிராமத்தில் வேலை செய்வோரை உளநலப் பணிக்குப் பயிற்றுவித்தார். கோயில் வழிபாடும் சடங்குகளும் ஒப்பாரியும் துயரை ஆற்றும் வழிகள் என்று ஏற்று, அவற்றைத் தன் துறையின் அறிவோடு சேர்த்தார். அங்கே மருத்துவர் கற்பித்தார்; ஊரிடமிருந்து கற்றும் கொண்டார்.

நாடகத்திலும் இதே உறவைக் காணலாம். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் பல்கலைக்கழக மாணவர்களால் குடாநாட்டின் ஊர்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைலாசபதி கலையரங்குக்கு மக்கள் வரட்டும் என்று காத்திருக்காமல், மக்கள் இருந்த இடத்துக்கு நாடகம் போனது.

நல்லுறவு என்றால் எல்லோருக்கும் இனிக்கப் பேசுவது என்று எண்ணிவிடக் கூடாது. உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த மருத்துவர் ராஜினி திராணகம, ஆயுதம் தாங்கிய எல்லாத் தரப்புகளின் கொடுமைகளையும் மக்களின் வாக்குமூலங்களோடு பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமூகத்தின் மீது கொண்ட அக்கறையால் சமூகம் கேட்க விரும்பாத உண்மையையும் சொல்லும் துணிவு, ஒரு பல்கலைக்கழகம் தன் ஊருக்குச் செய்யும் மிக உயர்ந்த தொண்டு.

இனிக் குறைகள். தலையாயது, ஊரில் எடுக்கும் அறிவு ஊருக்குத் திரும்பாமல் போவது. கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரே குடிநீரும் பாசன நீரும். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியாவும், மலசலகூடக் குழிகளின் கசிவும், அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே நைத்திரேற்றாகக் கீழிறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே நைத்திரேற்றை அனுமதிக்கிறது. குடாநாட்டின் பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டுவதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள்.

மாணவர் கிணற்றடிக்கு வருகிறார். அந்தத் தண்ணீராலேயே போத்தலை அலசி, நிரப்பி, இலக்கமிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறார். வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறார். பிறகு அந்த இலக்கம் ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் அட்டவணையில் ஏறுகிறது. 'தண்ணி எடுத்துக்கொண்டு போனவை, பிறகு ஒண்டும் சொல்லேல்லை' என்ற முறைப்பாடு ஊரில் புதிதல்ல. அந்த வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், இது முறைப்பாட்டோடு நிற்கிற விடயமல்ல. நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால், பச்சிளம் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று தாய் நம்புவாள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகும். நைத்திரேற்றுச் செறிவு கூடும். இந்த இரண்டு செய்திகளையும் தமிழில் எழுதிக் கொடுக்க அரைப் பக்கம் போதும்.

சுன்னாகத்தில் நடந்ததும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக மக்கள் கொதித்தபோது, நிபுணர்களின் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. 2019-இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. நெருக்கடி வந்தபின் நம்பிக்கையைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆண்டுதோறும் கிணறுகளைச் சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்லிப் பழகிய நிறுவனத்தின் சொல்லையே அப்படியொரு நாளில் மக்கள் நம்புவார்கள்.

இரண்டாவது குறை, 'சமூகம்' என்று யாரை அழைக்கிறோம் என்பது. கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோயில் தர்மகர்த்தாக்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், பழைய மாணவர்கள். அவர்கள் வேண்டியவர்களே. ஆனால் குருநகர்க் கடற்றொழிலாளியும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட குடியிருப்பின் பெண்ணும், 1990-இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பமும் அந்த வரிசையில் எங்கே? 2016 ஜூலையில் பல்கலைக்கழகத்தின் மாணவர் வரவேற்பு நிகழ்வொன்றில் தமிழ், சிங்கள மாணவர்கள் மோதிக்கொண்டார்கள். தெற்கிலிருந்து வந்து நம் ஊரில் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளும் இந்த உறவுக்குள் அடங்க வேண்டியவர்கள் என்பதை அது உணர்த்தியது.

மூன்றாவது, தொடர்ச்சியின்மை. ஒருநாள் முகாம், பதாகை, படம், அறிக்கை. நிதி முடிந்ததும் பணியும் முடிகிறது. ஊரின் பக்கமும் தவறு உண்டு. பட்டத்துக்கும் உத்தியோகத்துக்கும் அரசியல் மேடைக்கும் மட்டும் பல்கலைக்கழகத்தை நினைக்கிறோம். ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய் ஒரு துறையின் கதவைத் தட்டிய சனசமூக நிலையங்கள் எத்தனை?

பல்கலைக்கழகம் தொண்டு நிறுவனமல்ல. கற்பித்தலும் ஆய்வுமே அதன் வேலை என்பார்கள். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர்கள் பலர் நாட்டைவிட்டுப் போன நிலையில் இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பதவியுயர்வில் சமூகப் பணிக்கும் இடமுண்டு என்றாலும், சர்வதேச ஆய்விதழ்க் கட்டுரையே ஒருவரின் தகைமையை அளக்கும் முதன்மைக் கோலாக இருக்கிறது. ஆனால் நான் கேட்பது கூடுதல் சுமையை அல்ல. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் பொதுமக்களின் கேள்விகளை வாங்கி, அவற்றையே மாணவர்களின் ஆய்வுகளாக்கி, விடையை மக்களிடம் திருப்பிக் கொடுக்கும் நிலையங்களைத் திறந்தன. அந்த முறை பிற நாடுகளுக்கும் பரவியது. நம் இறுதியாண்டு மாணவர்களும் ஆய்வேடு எழுதத்தான் போகிறார்கள். அதன் தலைப்பு ஊரிலிருந்து வந்தால் என்ன குறைந்துவிடும்?

யாழ். பல்கலைக்கழகத்துக்கும் சமூகத்துக்கும் இடையே அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை. சில பெரிய மனிதர்களின் ஈடுபாட்டில் செழித்த உறவு, அவர்கள் ஓய்வுபெற்றதும் வாடிவிடுகிறது. அதை நிறுவனத்தின் விதியாக்க வேண்டும். ஊரில் தரவு திரட்டும் ஒவ்வோர் ஆய்வேடும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடுதான் ஏற்கப்படும் என்றும், அந்தச் சுருக்கம் தரவு கொடுத்தவர்களுக்கும் அவ்வூர் வாசிகசாலைக்கும் போய்ச் சேர வேண்டும் என்றும் மூதவை ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு கேள்வியையாவது எழுதிப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கட்டும். அடுத்த முறை மாணவர் ஒருவர் போத்தலோடு உங்கள் கிணற்றடிக்கு வந்தால் மனமுவந்து தண்ணீர் கொடுங்கள். முடிவை எப்போது கொண்டுவந்து தருவார் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.