மணத்துக்கு எத்தனை சொல்? ஹவாய் அகராதியும் நம் நிகண்டும்

போன மாதம் கோயில் வாசலில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பொதி பிரிக்கும்போது பேத்தி ஓடி வந்து, “பாட்டி, நல்ல ஸ்மெல் வருது!” என்றாள். அடுத்த நிமிஷமே மூலையில் கிடந்த ஈரத் துணியைக் காட்டி, “அங்கேயும் ஸ்மெல் வருது” என்றாள். இரண்டுக்கும் ஒரே சொல்தான். குழந்தையைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்கு நாம் கொடுத்ததே அந்த ஒரு சொல்தானே!

அந்த நினைப்போடுதான் மேரி கவேனா புகுயி, சாமுவேல் எல்பர்ட் இருவரும் தொகுத்த ஹவாய் அகராதியைப் புரட்டினேன். 1957இல் முதலில் வெளிவந்து, 1986இல் திருத்தி விரிவாக்கப்பட்ட நூல் இது. புகுயி அம்மையார் (1895–1986) அந்த மண்ணிலேயே பிறந்து அந்த மொழியிலேயே வளர்ந்தவர். எல்பர்ட் மொழியியல் அறிஞர்.

எட்டே மெய்யொலி, ஐந்தே உயிர்க்குறி கொண்ட அந்த மொழியில் மணத்துக்கு இருக்கும் சொற்களைப் பாருங்கள். ‘அலா’ என்பது பொதுவாக நறுமணம். அதையே இரட்டித்தால் ‘அஅலா’. மணமுள்ளது என்பதோடு உயர்குடிப் பிறப்பு என்றும் அதற்குப் பொருள் உண்டு. ‘ஒனாஒனா’ என்றால் மெல்லிய, இனிய மணம். ‘ஒனா’ என்ற சொல்லுக்கோ போதை, கிறக்கம் என்று பொருள். ‘மோஅனி’ காற்றில் மிதந்து வரும் மணம். அந்த மெல்லிய காற்றுக்கும் அதுவே பெயர். ‘மாபு’வும் காற்றோடு வருவதுதான், ஆனால் அந்தச் சொல் நீர் குமிழியிட்டுப் பொங்குவதையும், மனசில் உணர்ச்சி பொங்குவதையும் குறிக்கும். ‘புஈயா’ எங்கும் பரவி நிற்கும் மணம். ‘கூபாஓவா’ இடத்தையே நிறைத்துவிடும் கனத்த மணம். கெட்டதிலும் பேதம் உண்டு. மீனும் இறைச்சியும் கெட்டால் ‘ஹௌனா’. வியர்வை, கந்தகம் போன்ற நெடி ‘ஹோஹோனோ’.

“அடேயப்பா, எத்தனை சொல்!” என்று வியப்பதோடு நின்றுவிட்டால் அது விமர்சனம் ஆகாது. எண்ணிக்கை பெருமையில்லை. இந்தச் சொற்கள் ‘எந்தப் பூ?’ என்று கேட்பதில்லை. ‘மணம் எப்படி வந்தது? எவ்வளவு தூரம் போனது? வந்தபோது உனக்கு என்ன ஆயிற்று?’ என்றுதான் கேட்கின்றன. தீவில் ஓயாமல் கடற்காற்றோடு வாழ்ந்தவர்கள், மணத்தைக் காற்றிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கேதான் அகராதியின் குறை எனக்குத் தெரிகிறது. ஆங்கில விளக்கத்தில் ‘இனிய மணமுள்ள’ என்ற தொடரே திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்தில் தரும் சிறு குறிப்பைப் பார்த்துத்தான் பேதத்தைப் பிடிக்க வேண்டும். அதோடு அகரவரிசையாக இருப்பதால் ‘கூபாஓவா’ ஒரு பக்கம், ‘மோஅனி’ இன்னொரு பக்கம், ‘புஈயா’ வேறெங்கோ. ஒன்றுக்கொன்று உறவான சொற்கள் சந்திக்கவே முடிவதில்லை.

நம் பழைய திவாகரமும் பிங்கலந்தையும் இந்தத் தப்பைச் செய்யவில்லை. ஒரு பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தன. ஆனால் அங்கே வேறொரு குறை. விரை, நறை, கடி, வெறி எல்லாம் மணம்தான் என்று அடுக்கிவிட்டுப் போய்விடும். எது எதிலிருந்து எப்படி வேறு என்று சொல்லாது. அகராதி பேதம் சொல்கிறது, ஆனால் சிதறடிக்கிறது. நிகண்டு சேர்த்து வைக்கிறது, ஆனால் பேதத்தை விழுங்கிவிடுகிறது. இரண்டின் நல்லதும் சேர்ந்த ஒரு நூல் எந்த மொழிக்கும் வேண்டும்.

இது வெறும் புலவர் சண்டை இல்லை. 1896இல் வந்த சட்டத்தால் ஹவாயில் பள்ளிகள் ஆங்கிலவழி ஆயின. 1980களின் தொடக்கத்தில் அந்த மொழி பேசிய, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை என்பார்கள். 1984இல் ‘பூனானா லேயோ’, அதாவது ‘குரலின் கூடு’ என்ற பெயரில் மழலையர் பள்ளிகள் தொடங்கின. தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர வழியில்லாமல் போன ஒரு தலைமுறை, புத்தகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அப்போது விளக்கத்தில் விட்டுப்போனது, வாழ்விலும் விட்டுப்போகும். அதனால்தான் குறையைச் சொல்கிறேன். இந்த நூல் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகளின் கை வெறுங்கையாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அகராதியால் சொல்ல முடியாததும் உண்டு. சந்தன மரத்துக்கு அங்கே ‘இலியாஹி’ என்று பெயர். ‘மண மரம்’ என்றும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சீனாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. தலைவர்கள் கடனாளி ஆனார்கள். கடனை அடைக்க 1826இல் ஆண் ஒவ்வொருவரும் அரை பிக்கல், ஏறக்குறைய 30 கிலோ, சந்தனக்கட்டை தர வேண்டும் என்று வரி போட்டார்கள். மணம் என்ற சொல் அரசருக்குப் பெருமை, மலையேறியவனுக்கு முதுகுச் சுமை.

கடைசியாக ஒன்று. ‘ஹோனி’ என்றால் முகர்தல். முத்தத்துக்கும் அதே சொல்தான்; மூக்கோடு மூக்கு உரசி வரவேற்பது அவர்களுடைய பழைய வழக்கம். படித்ததும் எனக்கு ‘உச்சி முகர்தல்’ நினைவுக்கு வந்தது. குழந்தையைக் கொஞ்சுவதற்கு நம்மிடமும் மூக்கின் சொல்தானே இருக்கிறது! அவர்களுடைய ‘ஒனா’ போலவே நம் ‘வெறி’யும் மயக்கத்தையும் மணத்தையும் ஒருசேரச் சொல்கிறது. இதை வைத்து இரண்டும் ஒரே இனத்து மொழி என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மனித மூக்கு எங்கும் ஒன்றுதான், அவ்வளவே.

அங்கே மல்லிகைக்குப் பெயர் ‘பீகாகே’. மயிலின் ஆங்கிலப் பெயர் திரிந்தது. மயிலையும் இந்தப் பூவையும் விரும்பிய இளவரசி காயூலானியின் (1875–1899) நினைவாக வந்த பெயர் என்பார்கள். நம் குண்டுமல்லியும் அதுவும் ஒரே இனம். இதைப் பேத்தியிடம் சொன்னேன். “பூவுக்கு மயில்னு பேரா?” என்று சிரித்தாள். “சரி, இந்தப் பூவிலே வர்றதுக்கு நம்ம பாஷையிலே என்ன பேர்?” என்று கேட்டேன். சரத்தை மூக்கருகே வைத்து யோசித்தாள். “வாசனை” என்றாள். “துணிக்கு?” என்றேன். “நாத்தம்!”

பரவாயில்லை, இரண்டு சொல் ஆயிற்று. ‘நாற்றம்’ என்பதும் ஒரு காலத்தில் நல்ல மணத்துக்கே பெயராக இருந்தது என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.