ஈடும் கழுவாயும்

வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் விமானச் சீட்டு விற்கும் நிலையங்கள் பலவாகும். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் நம்மவர் பறத்தல் இன்று புதுமையன்று. பறப்போர் சிறுதொகை மேலதிகமாகச் செலுத்தின், பயணத்தால் வெளிப்படும் காபனீரொட்சைட்டுக்கு 'ஈடு' செய்துவிடலாம் என விமானக் கம்பனிகள் சில கூறுகின்றன. அப்பணம் எங்கேனும் மரம் நடவோ காடு காக்கவோ செல்லுமாம். இக்கூற்றின் பொருத்தத்தை ஈண்டு நோக்குவாம்.

கொண்டதற்கு நிகராகக் கொடுப்பதே ஈடு. ஒரு கிலோ விமான எரிபொருள் எரியுங்கால் ஏறத்தாழ 3.16 கிலோ காபனீரொட்சைட்டு பிறக்கும். பிறந்ததன் அளவு ஐயத்துக்கிடமற்றது. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வளியில் நிலைத்திருக்கும். அதற்கு நிகராக வைக்கப்படும் காடோ தீயாலும் கோடரியாலும் ஒரே பருவத்தில் அழியத்தக்கது. அன்றியும், காத்த காட்டுக்கு வரவெழுதுவோர், தாம் காவாவிடின் அது அழிந்தே போயிருக்கும் எனக் காட்டுதல் வேண்டும். நிகழாத ஒன்றை எக்கோல் கொண்டு அளப்பது? கணக்கின் பலவீனம் முழுதும் இங்கேயே உளது. 'வெரா' நிறுவனம் சான்றளித்த மழைக்காட்டு வரவுகளிற் பெரும்பாலானவை மெய்யான குறைப்பைக் குறிப்பனவல்ல எனக் 'கார்டியன்' முதலிய பத்திரிகைகள் 2023இல் எழுதின. அந்நிறுவனம் அதனை மறுத்தது. 2024 மார்ச்சில் அம்ஸ்ரடாம் நீதிமன்றம், கே.எல்.எம். கம்பனியின் இத்தகைய விளம்பரங்கள் மக்களை மயக்குவன எனத் தீர்ப்பளித்தது. ஈசிஜெட் கம்பனி, 2019இல் தொடங்கிய ஈட்டினை 2022இல் தானே கைவிட முடிவுசெய்தது.

பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016இல் வகுத்த 'கோர்சியா' திட்டத்தை முற்றாகத் தள்ளுதற்கில்லை. புகைக்குக் கணக்குக் காட்டச் செய்தமை நன்றே. ஆயின் 2024 முதல், 2019ஆம் ஆண்டு வெளியீட்டின் 85 சதவீதத்தை விஞ்சியதற்கே ஈடு கேட்கப்படுகின்றது. அதன் கீழ்ப்பட்டதைப் பற்றிப் பேச்சில்லை.

நம் நூல்கள் தானத்தையும் கழுவாயாகக் கொண்டனவே, இதிற் பிழை யாது எனச் சிலர் வினவலாம். கொண்டன, உண்மை, ஆயினும் அது நடந்த குற்றத்துக்கு, அடுத்த குற்றத்துக்கு முன்கூட்டிப் பெறும் அனுமதிச் சீட்டன்று.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அயலே நீர்கொழும்புக் களப்பும், அதன் தெற்கே முத்துராஜவலைச் சதுப்பும் உள. கண்டற் காடுகள் காபனைச் சேற்றினுள் நெடுங்காலம் அடக்கி வைப்பன, வெள்ளத்தையும் தாங்குவன. அவற்றைக் காக்கப் பொருள் வழங்குவோர் வழங்குக. ஆயின் அக்கொடையைப் பத்திரமாக்கி ஒரு கம்பனிக்கு விற்றால், சதுப்பு சேமித்தது அக்கம்பனியின் புகைக்கெதிரே கழிக்கப்பட்டுவிடும். வளிமண்டலத்துக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை.