திகில் திரைப்படங்களில் திடுக்கிடும் காட்சி

ஜம்ப் ஸ்கேர் எனப்படும் திடுக்கிடும் காட்சி என்பது, எதிர்பாராத உருவத்தையோ ஓசையையோ சட்டெனப் புகுத்திப் பார்வையாளரைத் துள்ள வைக்கும் திரைப்பட உத்தி ஆகும்.

திடீரெனப் பேரொலி எழுந்தால் கண் இமைப்பதும் உடல் உதறுவதும் அனிச்சைச் செயல்கள். சிந்திக்கும் முன்பே அவை நிகழ்ந்துவிடும். ஆகவே, ஒலியைக் கூட்டி எந்த இயக்குநரும் பார்வையாளரைத் திடுக்கிட வைத்துவிடலாம். ஏற்கெனவே அஞ்சியிருப்பவரிடம் இந்த அனிச்சை இன்னும் வலுவாக எழுகிறது. எனவே அந்த ஒரு நொடியைவிட, அதற்கு முந்தைய காத்திருப்பும் பின்னர் மிஞ்சும் அச்சமுமே இக்காட்சியின் தரத்தை முடிவு செய்கின்றன.

கேட் பீப்பிள் (1942)

வால் லூட்டன் தயாரித்து, ஜாக் டூர்னர் இயக்கிய அமெரிக்கப் படம் இது. சினம் கொண்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என நம்பும் ஐரீனா, தன் கணவனுடன் பழகும் ஆலிசை இரவில் பின்தொடர்கிறாள். இடம் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க். பின்னணி இசை கிடையாது. இருவரின் காலணி ஓசை மட்டுமே கேட்கிறது. பிறகு ஒருத்தியின் காலடியோசை நின்றுவிடுகிறது. ஆலிஸ் ஓடத் தொடங்குகிறாள். சீறலுடன் திரைக்குள் பாய்வது ஒரு பேருந்து!

வந்தது வெறும் பேருந்துதான். ஆயினும் ஏமாற்றப்பட்டதாகப் பார்வையாளர் உணர்வதில்லை. ஏனெனில் பின்தொடர்ந்தவள் உண்மையிலேயே இருந்தாள்; அவள் என்ன ஆனாள் என்பதற்கு விடை இல்லை. அடுத்து, கொல்லப்பட்ட ஆடுகளும், காலணித் தடங்களாக மாறும் விலங்கின் காலடித் தடங்களும் காட்டப்படுகின்றன. திடுக்கிடல் முடிந்த பின்னும் ஆபத்து நீங்கவில்லை. இவ்வகை உத்திக்கு இன்றும் 'லூட்டன் பஸ்' என்றே பெயர்.

தி எக்சார்சிஸ்ட் 3 (1990)

வில்லியம் பீட்டர் பிளாட்டி இயக்கிய இப்படத்தில், இரவுநேர மருத்துவமனை நடைபாதையின் ஒரு முனையில் கேமரா நெடுநேரம் அசையாமல் நிற்கிறது. செவிலியர் ஒருவர் தம் வழக்கமான வேலைகளைச் செய்கிறார். ஏறிவரும் இசை இல்லாததால் ஆபத்து வரும் நேரத்தைப் பார்வையாளரால் கணிக்க முடிவதில்லை. செவிலியர் ஓர் அறையைப் பூட்டித் திரும்பியதும், வெள்ளை உடையணிந்த உருவம் பெரிய கத்தரியுடன் அவர் பின்னால் வருகிறது. கொலை காட்டப்படாமலேயே காட்சி வெட்டப்படுகிறது.

மதிப்பீடு

அலமாரியிலிருந்து பூனை தாவுவதும், நண்பர் பின்னாலிருந்து தோளைத் தொடுவதும் தேய்ந்துபோன உத்திகள். அங்கே ஆபத்தே இல்லை. பார்வையாளர் துள்ளிவிட்டுச் சிரிக்கிறார், அதுவரை சேர்ந்த அச்சமும் அத்துடன் கரைந்துவிடுகிறது. இதை அடிக்கடி கையாளும் படத்தில், இசை அடங்கியதுமே பார்வையாளர் காதைப் பொத்திக்கொள்ளப் பழகிவிடுவார். அதன்பின் கதையின் உண்மையான ஆபத்தும் அவரைத் தொடாது.

ஒரு திடுக்கிடும் காட்சியை எடைபோட எளிய வழி உண்டு: ஒலியை நிறுத்திவிட்டு மறுமுறை பார்ப்பது. வரப்போவது தெரிந்த பின்னும், அந்த நடைபாதையில் செவிலியர் நடக்கும்போது கண்கள் கதவுகளையே தேடுகின்றன.