குளோரின் 75 சதவீதம்: தப்பும் தப்பும் சேர்ந்தால் சரி

மகள் போன வாரம் ஒரு கணக்கோடு வந்தாள். குளோரினின் சராசரி அணு நிறை 35.5, ஐசோடோப்புகள் 35, 37. எது எத்தனை சதவீதம்? வழிகாட்டி நூலில் விடை 75, 25. இவளோ தனிம வரிசை அட்டவணையைப் பார்த்து 35.45 என்று போட்டிருக்கிறாள். வந்தது 77.5.

“எங்கப்பா தப்பு பண்ணேன்?”

“ரவுண்டிங்தான்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி உறுத்தியது. அளந்து கண்ட மதிப்பு 75.76. இன்னும் துல்லியமான சராசரியைப் போட்டவளுக்கு விடை ஏன் உண்மையை விட்டுத் தள்ளிப் போகணும்?

வழிமுறையில் கோளாறு இல்லை. கனமானதிலிருந்து சராசரியைக் கழித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் லேசானதன் பங்கு வரும். (37 − 35.5) ÷ 2 = 0.75. ஆனால் 35, 37 என்பவை நிறை எண்கள். புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிச் சொல்வது. நிறை அதுவல்ல. கார்பன்-12ஐ 12 என்று வைத்தால் இவற்றின் நிறை 34.969, 36.966. அந்தச் சின்னக் குறைவு அணுக்கருவின் பிணைப்பு ஆற்றலால் வருவது. சராசரி 35.453 என்று வைத்துப் போடுங்கள்: 1.513 ÷ 1.997 = 0.7576. கச்சிதம்!

அதாவது நூலில் சராசரியையும் மேலே தள்ளியிருக்கிறார்கள், ஐசோடோப்பு நிறைகளையும் மேலே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பிழையும் கிட்டத்தட்ட அடிபட்டுப் போகின்றன. மகள் ஒன்றை மட்டும் திருத்தினாள், மாட்டிக்கொண்டாள். இங்கே வகுக்கும் எண் வெறும் 2, மேலே 0.02 நகர்ந்தாலே விடை ஒரு சதவீதம் ஆடும்.

புரோமினில் இந்த அதிர்ஷ்டம் இல்லை. சராசரி 79.904, 79, 81 என்று போட்டால் லேசானது 54.8 சதவீதம். உண்மையில் 50.69.

இன்னொரு குறை, எனக்கு இதுதான் பெரிசு. இன்று ஐசோடோப்பு விகிதத்தை நிறை நிறமாலைமானியில் அளந்து, அதிலிருந்துதான் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு அதைத் தலைகீழாகக் காட்டுகிறது. (1919-இல் ஆஸ்டன் குளோரினைப் பிரித்துக் காட்டும்போது சராசரிதான் முதலில் தெரிந்திருந்தது, நியாயம்தான்.) மக்னீசியத்துக்கு மூன்று ஐசோடோப்புகள். வெறும் 24.305ஐ வைத்துக்கொண்டு எதையும் பிரிக்க முடியாது. எண்ணற்ற விடைகள் பொருந்தும்.

34.97, 36.97, 35.45 என்று கொடுத்தால் போதும். அதே வகுத்தல், விடை 76.

மறுநாள் மகளிடம் நான் சொன்னதுதான் தப்பு என்றேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “அப்போ பரீட்சைல எதை எழுதறது?” என்றாள்.

“35.5னு கொடுத்தா 75னு எழுது.”